தகவமைப்புக்கும் ஓர் எல்லை உண்டு

மாணவர்களே, இந்த வாரம் ஒரு சிறு சோதனையோடு தொடங்குவோம். வீட்டில் இருக்கும் பொருள்களே போதும்.

மூன்று டிஸ்யூ தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் மீதும் இரண்டு தேக்கரண்டி நீரை ஊற்றி நனையுங்கள். முதல் தாளை ஒரு தட்டில் அகலமாக விரித்து வையுங்கள். இரண்டாவதை இறுக்கமாகச் சுருட்டி வையுங்கள். மூன்றாவதையும் அதேபோல் சுருட்டி, அதன்மேல் மெழுகுத் தாளைச் சுற்றி, இரண்டு முனைகளையும் முறுக்கி மூடிவிடுங்கள். நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் அதிகம். தாள் காய நேரமாகும். அதனால் மூன்றையும் மின்விசிறிக்குக் கீழே வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

காலையில் தொட்டுப் பாருங்கள். விரித்து வைத்த தாள் காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும். சுருட்டிய தாளின் உள்பக்கம் கொஞ்சம் ஈரமாக இருக்கும். மெழுகுத் தாள் சுற்றியதோ நேற்று வைத்தபடியே நனைந்திருக்கும். முதல் தாள் வாழை இலை போன்றது. மூன்றாவது தாள் கள்ளிச்செடியின் தண்டு போன்றது. பரப்பு குறைந்தால் நீரிழப்பு குறையும். மேலே மெழுகுப் பூச்சும் இருந்தால் இன்னும் குறையும்.

என் படிவம் இரண்டு வகுப்பில் இந்தச் சோதனையைச் செய்து முடித்தபோது, பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி கை தூக்கினாள்.

"டீச்சர், பாலைவனத்தில் இருக்கிற செடியும் விலங்கும் வெயிலுக்கு ஏற்ற மாதிரி மாறிக்கொண்டவைதானே? அப்படியென்றால் உலகம் இன்னும் சூடானால் அவையும் இன்னும் கொஞ்சம் மாறிக்கொள்ளும். பிறகு ஏன் எல்லாரும் கவலைப்படுகிறார்கள்?"

மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்புக்குப் போகும் அவசரத்தில், "மாறிக்கொள்ளும்மா, ஆனால் கொஞ்ச காலம் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பதில் தவறு. வீடு போய்ச் சேரும் வரை அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மறுவாரம் அதே வகுப்பில் என் பதிலைத் திருத்திச் சொன்னேன். அதைத்தான் இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

பாலைவனத்தின் இரண்டு சிக்கல்கள்

ஓர் இடம் பாலைவனமா இல்லையா என்பதை முடிவு செய்வது வெயில் அல்ல, மழை. ஆண்டுக்குச் சுமார் 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெறும் இடத்தைப் பாலைவனம் என்கிறோம். நம் மலேசியாவில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. இந்தக் கணக்குப்படி பனி மூடிய அண்டார்டிகாவும் ஒரு பாலைவனம்தான்.

வெப்பமான பாலைவனத்தில் நீரும் இல்லை, வெயிலும் கடுமை. இந்த இரண்டு சிக்கல்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன. திடலில் ஓடிவிட்டு வந்து நிழலில் நிற்கும்போது உங்கள் உடல் எப்படிக் குளிர்கிறது? வியர்வை ஆவியாகும்போது உடலின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. அதாவது, குளிர்ச்சி வேண்டுமென்றால் நீரைச் செலவழிக்க வேண்டும். நீரைச் சேமிக்க வேண்டுமென்றால் வெப்பத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பாலைவன உயிரினங்களின் தகவமைப்புகளில் பெரும்பாலானவை இந்தச் சிக்கலுக்கான தீர்வுகளே. மூன்று எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம். படிக்கும்போது மூன்றுக்கும் பொதுவான ஒன்றைக் கண்டுபிடிக்க முயலுங்கள்.

சகுவாரோ: இரவில் திறக்கும் கதவு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலும் மெக்சிகோவிலும் பரவியிருப்பது சொனோரன் பாலைவனம். அங்கே வளரும் மாபெரும் கள்ளிச்செடிதான் சகுவாரோ. திரைப்படங்களில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல் தெரியுமே, அதுதான். 12 மீட்டருக்கும் மேல் வளரும். 150 ஆண்டுகளுக்கு மேலும் வாழும்.

சகுவாரோவின் முட்கள் உருமாறிய இலைகள். ஒளிச்சேர்க்கையைப் பச்சை நிறத் தண்டு செய்கிறது. தண்டில் மேலிருந்து கீழ்வரை மடிப்புகள் உண்டு. மழை பெய்தால் ஹார்மோனியத்தின் துருத்தியைப் போல் மடிப்புகள் விரிந்து நீரைத் தேக்கிக்கொள்ளும். வறட்சியில் மீண்டும் சுருங்கும். பெரும்பாலான வேர்கள் ஆழமாகப் போவதில்லை. நிலத்தின் மேற்பரப்பை ஒட்டி, செடியின் உயரத்துக்குச் சமமான தூரம் வரை எல்லாப் பக்கமும் பரவுகின்றன. பெய்யும் சிறு மழையும் மண்ணில் மறைவதற்குள் உறிஞ்ச இதுவே வழி.

இப்போது நம் மெழுகுத் தாள் சோதனைக்குத் திரும்புவோம். மூன்றாவது தாள் நீரை இழக்கவில்லை. ஆனால் அதற்குள் காற்றும் போகவில்லை. உண்மையான செடியை அப்படி மூடிவிட முடியுமா? ஒளிச்சேர்க்கைக்குக் கரிவளி வேண்டும். கரிவளி உள்ளே வர இலைத்துளை திறக்க வேண்டும். திறந்தால் நீராவி வெளியேறிவிடும்.

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறக்கின்றன. சகுவாரோ பகலில் மூடி வைத்து, வெப்பம் தணிந்த இரவில் திறக்கிறது. இரவில் நுழையும் கரிவளியை ஒரு வகை அமிலமாக மாற்றித் தன் உயிரணுக்களில் சேமித்து வைக்கிறது. மறுநாள் வெயில் வந்ததும், துளைகளை மூடிக்கொண்டு, சேமித்ததை எடுத்து ஒளிச்சேர்க்கை செய்கிறது. நம் ஜொகூர் தோட்டங்களில் விளையும் அன்னாசியும் இதே முறையைத்தான் பயன்படுத்துகிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஓர் இரவில் சேமிக்கும் கரிவளிக்கு அளவு இருப்பதால் வளர்ச்சியும் மெதுவாகவே நடக்கும். முளைத்து எட்டு ஆண்டுகள் ஆன சகுவாரோவின் உயரம் உங்கள் சுண்டுவிரல் அளவுகூட இருக்காது. அது முதன்முதலில் பூப்பதற்கு 35 ஆண்டுகள் வரை ஆகும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கங்காரு எலி: குடிக்காமலே வாழும் விலங்கு

அதே பாலைவனத்தில், பின்னங்கால்களால் கங்காருவைப் போல் தாவிச் செல்லும் ஒரு சிறிய எலி இருக்கிறது. அதன் எடை சுமார் 40 கிராம். அது நீர் குடிக்காமலே வாழக்கூடியது. உண்பதும் பெரும்பாலும் காய்ந்த விதைகளையே.

அப்படியானால் நீர் எங்கிருந்து வருகிறது? நீங்கள் மனப்பாடம் செய்த சுவாசச் சமன்பாட்டை நினைத்துப் பாருங்கள். குளுக்கோஸும் உயிர்வளியும் சேர்ந்தால் கரிவளி, நீர், சக்தி மூன்றும் கிடைக்கும். தேர்வில் 'நீர்' என்ற சொல்லை எழுத மறப்பவர்கள் பலர். கங்காரு எலி உயிர் வாழ்வதே அந்தச் சொல்லால்தான். அதற்குத் தேவையான நீரில் சுமார் 90 விழுக்காடு, உண்ட உணவு உடலுக்குள் சிதைவதால் உண்டாகிறது. நம் உடலிலும் இப்படி நீர் உண்டாகிறது. ஆனால் நமக்கு அது தேவையில் பத்தில் ஒரு பங்குதான்.

வரவு சிறியதாக இருந்தால் செலவையும் சுருக்க வேண்டும். கங்காரு எலியின் சிறுநீரகம் மிகக் குறைந்த நீரில் மிக அடர்ந்த சிறுநீரை உண்டாக்குகிறது. அதன் மூக்கும் நீரைச் சேமிக்கிறது. ஒரு கண்ணாடியின் முன்னால் வாயைத் திறந்து ஊதிப் பாருங்கள். கண்ணாடியில் படரும் ஈரம், அந்த ஒரு மூச்சில் நீங்கள் இழந்த நீர். கங்காரு எலியின் குறுகிய மூக்கு, வெளிவிடும் மூச்சைக் குளிரச் செய்கிறது. அதனால் நீராவியில் ஒரு பகுதி வெளியே போகாமல் மூக்குக்குள்ளேயே நீராகப் படிந்துவிடுகிறது.

பகலில் தரையின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டும்போது, எலி மண்ணுக்கடியில் வளையில் இருக்கும். பெரும்பாலும் வளையின் வாயையும் மண்ணால் அடைத்துவிடும். வெளியே வருவது இரவில்தான்.

ஒட்டகம்: வெப்பத்தைக் கடன் வாங்கும் உடல்

மூன்றாவது எடுத்துக்காட்டுக்காக ஆப்பிரிக்காவின் சஹாராவுக்குப் போவோம். ஒட்டகம் திமிலில் நீரைச் சேமிக்கிறது என்று ஒவ்வோர் ஆண்டும் தேர்வுத் தாளில் யாராவது எழுதுகிறார்கள். திமிலில் இருப்பது கொழுப்பு. அது உணவுச் சேமிப்பு. கொழுப்பின் பெரும்பகுதி ஒரே இடத்தில் இருப்பதால், உடலின் மற்ற பகுதிகளில் வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும் தடித்த கொழுப்புப் படலம் இல்லை.

ஒட்டகத்தின் உண்மையான திறமையை, கனுட் ஷ்மிட்-நீல்சன் என்ற விலங்கியல் அறிஞர் 1950-களில் சஹாராவிலேயே தங்கி அளந்தார். நம் உடல் வெப்பநிலை 37 பாகையைச் சுற்றியே இருக்க வேண்டும். 41 பாகையை எட்டினால் உயிருக்கே ஆபத்து. நீர் கிடைக்காத ஒட்டகத்தின் வெப்பநிலையோ அதிகாலையில் 34 பாகையாகவும் பிற்பகலில் 41 பாகையாகவும் இருக்கக்கூடும். வெயில் ஏற ஏற, வியர்த்துக் குளிர்வதற்குப் பதிலாக, ஒட்டகம் வெப்பத்தை உடலிலேயே ஏற விடுகிறது. அந்த வெப்பம் இரவுக் குளிரில் நீர்ச்செலவு இல்லாமல் வெளியேறிவிடுகிறது. 500 கிலோகிராம் எடையுள்ள ஒட்டகத்துக்கு இதனால் ஒரு நாளில் சுமார் 5 லிட்டர் வியர்வை மிச்சம்.

இது தவிர, உடல் எடையில் கால் பங்கு அளவு நீரை இழந்தும் ஒட்டகம் உயிரோடு இருக்கும். நீர் கிடைத்தால் பத்து நிமிடங்களில் 100 லிட்டர் வரை குடித்து இழப்பை ஈடுசெய்யும்.

மூன்றுக்கும் பொதுவானது எது என்று கண்டுபிடித்துவிட்டீர்களா? சகுவாரோ இலைத்துளையைத் திறப்பது இரவில். கங்காரு எலி உணவு தேடுவது இரவில். ஒட்டகம் வெப்பத்தை வெளியேற்றுவது இரவில். மூன்றும் குளிர்ந்த இரவை நம்பியே வாழ்கின்றன.

'கொண்டது' என்ற சொல்லில் இருக்கும் சிக்கல்

மாணவியின் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் ஒரு சொல்லைத் திருத்த வேண்டும். "கள்ளிச்செடி தன்னைத் தகவமைத்துக்கொண்டது" என்று எழுதுகிறோம். நானும் கரும்பலகையில் அப்படித்தான் எழுதி வந்தேன். 'தலை சீவிக்கொண்டாள்', 'சட்டையை மாற்றிக்கொண்டான்' என்பவை ஒருவர் தாமே நினைத்துச் செய்த செயல்கள். அதே 'கொண்டது' கள்ளிச்செடிக்கு வரும்போது, செடியும் ஒரு நாள் யோசித்து இலையை முள்ளாக மாற்றியதைப்போல் நம் மனத்தில் பதிந்துவிடுகிறது.

நடந்தது அதுவல்ல. கங்காரு எலியின் மூதாதையர்களை எண்ணிப் பாருங்கள். எல்லா எலிகளின் சிறுநீரகமும் ஒரே மாதிரி இருக்கவில்லை. சிலவற்றுக்குக் கொஞ்சம் திறன் கூடுதல், சிலவற்றுக்குக் குறைவு. வறட்சி வந்தபோது திறன் குறைந்தவற்றில் பல மடிந்தன. தப்பியவை குட்டிகள் போட்டன. அந்தத் திறன் மரபணு வழியாகக் குட்டிகளுக்கும் போனது. இது ஆயிரக்கணக்கான தலைமுறைகளுக்கு நடந்த பிறகு இன்றைய கங்காரு எலி உருவானது. தனி ஓர் எலி தன் வாழ்நாளில் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. இதற்குப் பெயர் இயற்கைத் தேர்வு.

ஆகவே தகவமைப்புக்கு இரண்டு தேவை. ஒன்று, உயிரினங்களுக்குள் ஏற்கெனவே வேறுபாடுகள் இருக்க வேண்டும். மற்றொன்று, பல தலைமுறைகள் கடக்கும் அளவுக்குக் காலம் வேண்டும். இனி மாணவியின் கேள்வியைக் கேட்போம்: சூழல் வேகமாக மாறினால் என்ன ஆகும்?

நூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு கணக்கெடுப்புகள்

இதற்கு ஊகம் தேவையில்லை. சொனோரன் பாலைவனத்துக்கு வடமேற்கே, கலிபோர்னியாவில், மொஹாவி பாலைவனம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோசப் கிரின்னல் என்ற விலங்கியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் கலிபோர்னியா முழுவதும் அலைந்து, எந்த இடத்தில் எந்தப் பறவை, எந்த விலங்கு இருந்தது என்று நாள்தோறும் குறிப்பெழுதினார்கள். அவர்கள் பாலைவனத்தையும் விடவில்லை. தங்கள் சேகரிப்பின் உண்மையான மதிப்பு தெரிய ஒரு நூற்றாண்டுகூட ஆகலாம் என்று கிரின்னல் 1910-இலேயே எழுதிவைத்தார்.

அவர் சொன்னபடியே ஆனது. அந்தப் பழைய குறிப்பேடுகளை வைத்துக்கொண்டு, பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அதே பாலைவனப் பகுதியின் 61 இடங்களுக்குத் திரும்பிப் போய்ப் பறவைகளைக் கணக்கெடுத்தார்கள். 2018-இல் முடிவு வெளியானது. ஓர் இடத்தில் காணப்படும் பறவை இனங்களின் எண்ணிக்கை சராசரியாக 43 விழுக்காடு குறைந்திருந்தது. ஆராய்ந்த 135 பறவை இனங்களில் 39 இனங்கள் முன்பைவிட அரிதாகிவிட்டன.

அதே பாலைவனத்தில் சிறிய பாலூட்டிகளின் நிலை என்ன? அதே பழைய குறிப்புகளைக் கொண்டு செய்த ஆய்வு 2021-இல் வெளியானது. கங்காரு எலி போன்ற சிறிய பாலூட்டிகளில் பெரும்பாலானவை முன்பு போலவே இருந்தன.

ஒரே பாலைவனம், ஒரே வெப்ப உயர்வு. பறவைகளுக்கு மட்டும் ஏன் இந்த நிலை? நாம் முதலில் பார்த்த இரண்டு சிக்கல்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். எலிக்கு வளை இருக்கிறது. வெளியே வர இரவு இருக்கிறது. பெரும்பாலான பறவைகளோ பகலில் நடமாடுபவை. வெயிலிலிருந்து ஒளிய அவற்றுக்கு வளை இல்லை. பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பியும் இல்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்து, நீரை ஆவியாக்கித்தான் குளிர வேண்டும். வெப்பம் கூடக்கூட அதிக நீர் வேண்டும். கடந்த நூற்றாண்டில் பாலைவனப் பறவைகள் குளிர்வதற்குத் தேவையான நீர் 10 முதல் 30 விழுக்காடு கூடியிருப்பதாக 2019-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. எந்த இனங்களுக்கு இந்தத் தேவை அதிகம் கூடியதோ, அந்த இனங்களே அதிகம் குறைந்திருந்தன.

இந்தப் பறவைகள் பாலைவனத்தில் நெடுங்காலமாக வாழ்ந்தவைதாம். அவற்றுக்கும் தகவமைப்பு உண்டு. ஆனால் அந்தத் தகவமைப்பு நேற்றைய பாலைவனத்துக்கு உரியது.

சகுவாரோவுக்கும் இப்படி ஒரு சோதனை வந்தது. 2023 கோடையில் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் தொடர்ந்து 31 நாள்கள் வெப்பநிலை 43 பாகை செல்சியசைத் தாண்டியது. பல இரவுகளில் அது 32 பாகைக்குக் கீழே இறங்கவே இல்லை. அங்குள்ள பாலைவனத் தாவரவியல் பூங்காவில் சில சகுவாரோக்களின் கிளைகள் முறிந்து விழுந்தன. சில அடியோடு சாய்ந்தன. பகல் வெப்பத்தைத் தாங்கப் பழகிய செடி ஏன் சாய்ந்தது? காரணத்தை நீங்களே சொல்லிவிடுவீர்கள். இலைத்துளையைத் திறக்க அதற்குக் குளிர்ந்த இரவு கிடைக்கவில்லை.

மாணவிக்குச் சொன்ன பதில்

மறுவாரம் வகுப்பில் நான் சொன்னது இதுதான்:

"போன வாரம் நான் சொன்ன பதில் தவறும்மா. எந்த உயிரினமும் நினைத்த மாத்திரத்தில் மாறிக்கொள்ளாது. தகவமைப்பு என்பது, பல்லாயிரம் தலைமுறைகளில், மடிந்தவை போக மிஞ்சியவற்றிடம் இருப்பது. சகுவாரோ பூக்கவே 35 ஆண்டுகள் என்றால், நூறு ஆண்டுகளில் அதற்கு மூன்று தலைமுறைகூட முழுதாகக் கிடைக்காது. அந்த நூறு ஆண்டுகளுக்குள் மொஹாவியின் வெப்பம் சுமார் 2 பாகை உயர்ந்துவிட்டது. சில உயிரினங்கள் தப்பும், சில தப்பாது. எது தப்பும் என்பது அதனிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வளை வைத்திருந்த எலிக்கு இதுவரை பாதகமில்லை. கவலை தேவைதான்."

அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ பறவைகள் வேறு இடத்துக்குப் பறந்து போகலாமே, டீச்சர்?" என்றாள். நல்ல கேள்வி. சில பறவைகள் போகவும் செய்யும். ஆனால் போகும் இடத்தில் இரையும் கூடு கட்ட இடமும் இருக்க வேண்டும். அங்கே ஏற்கெனவே வாழும் பறவைகளும் அதற்குப் போட்டியிடும்.

மாணவர்களே, அடுத்த முறை தேர்வில் தகவமைப்பைப் பற்றி எழுதும்போது ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள். "கள்ளிச்செடிக்கு முட்கள் உள்ளன" என்பதோடு நிறுத்தாமல், அது எந்தச் சிக்கலைத் தீர்க்கிறது, அதற்காகச் செடி எதை விட்டுக்கொடுக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாடத்தை உண்மையாகவே புரிந்துகொண்டீர்கள் என்பதற்கு அந்த வரிதான் சான்று.

இன்னொரு வேலையும் உண்டு. மொஹாவியில் பறவைகள் குறைந்தது நமக்குத் தெரிய வந்ததற்குக் காரணம், நூறு ஆண்டுகளுக்கு முன்பு சிலர் பொறுமையாகக் குறிப்பெழுதி வைத்ததுதான். உங்கள் தாமானில் காலையில் எத்தனை வகைப் பறவைகள் வருகின்றன? மைனா, புறா, குயில், தேன்சிட்டு என்று வாரம் ஒரு நாள், அதே இடத்தில், அதே நேரத்தில், பத்து நிமிடங்கள் நின்று எண்ணுங்கள். நாள், நேரம், வானிலை மூன்றையும் சேர்த்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். என் வகுப்பில் அந்த நோட்டைத் தொடங்கிவிட்டோம். முதல் பக்கத்தில் இருப்பது, கேள்வி கேட்ட அந்த மாணவியின் கையெழுத்து.